சல்லிசாக் கிடைக்குதேன்னு ஒரு பிஎம்டபிள்யூ

ரொம்ப நாளாச்சு இந்தப் பக்கம் வந்து. ஆபீஸில் ஆணி அதிகம், வீட்டில் ஜூனியருக்குப் பரீட்சை, நடுவில் ஊருக்கு ஒரு நடை. ஆனால் இந்த விஷயத்தை இனியும் எழுதாமல் இருக்க முடியாது. ஏன்னா டில்லிக்கு வெளியே இருக்கிற சிநேகிதர்கள், சொந்தக்காரங்க எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறாங்க.

"மாப்ளே, உங்க ஊர்ல பென்ஸு, ஆடி எல்லாம் கத்திரிக்கா விலைக்குப் போகுதாமே? எனக்கு ஒண்ணு பார்த்து வையேன்."

கோயமுத்தூரிலிருந்து ஒருத்தர், பெங்களூரிலிருந்து ரெண்டு பேர், மஸ்கட்டிலிருந்து ஒரு மச்சான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா போனில் பாடம் எடுத்து தொண்டை வறண்டு போச்சு. அதனால் மொத்தமா இங்கே கொட்டிடறேன். இன்னொரு காரணமும் இருக்கு. நானே அந்தக் கத்திரிக்காயை வாங்கப் போய், கூடை வரைக்கும் எடுத்துட்டு, திருப்பி வெச்சுட்டு வந்த ஆள்.

கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன், பொறுத்துக்கோங்க.

முசிறிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து டில்லிக்கு வந்து இருபது வருசம் தாண்டியாச்சு. முதல்ல கரோல் பாக்கில் மாடி அறை, அப்புறம் மயூர் விஹார். ஒவ்வொரு தடவையும் ஊருக்குப் போறது திருச்சி ஜங்ஷன்ல இறங்கி, பஸ் பிடிச்சு, கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஆட்டோவில். ஆட்டோ வாசல்ல நிக்கும்போது எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து ஒரு பார்வை வரும் பாருங்க. "டில்லியில பெரிய வேலைங்கிறான், ஆட்டோவுலதான் வர்றான்"னு அந்தப் பார்வைக்கு அர்த்தம். யாரும் வாயைத் திறந்து சொன்னதில்லை. நானே எழுதிக்கிட்ட வசனமாக்கூட இருக்கலாம். ஆனா இருபது வருசமா மனசில் ஓடுற வசனம் அதுதான்.

2025 ஜூலை ஒண்ணாம் தேதி டில்லியில் ஒரு கூத்து நடந்தது. பத்து வருசம் தாண்டின டீசல் வண்டிக்கும் பதினஞ்சு வருசம் தாண்டின பெட்ரோல் வண்டிக்கும் பங்க்கில் எண்ணெய் போடக்கூடாதுன்னு காற்றுத் தர மேலாண்மை ஆணையம் போட்ட உத்தரவு அன்னிக்கு அமலுக்கு வந்தது. பங்க்கில் கேமரா. அது நம்பர் பிளேட்டைப் படிச்சு, "இது ஆயுள் முடிஞ்ச வண்டி"ன்னு சொல்லிடும். பக்கத்தில் போலீஸ். ரெண்டே நாளில் ஊரே கத்த ஆரம்பிச்சு, டில்லி அரசே ஆணையத்துக்குக் கடிதம் எழுதி, அமலாக்கம் நின்னது. ஆனா அந்த ரெண்டு நாள் பயம் போதுமே! 2015-ல் 84 லட்சத்துக்கு வாங்கின பென்ஸ் எம்எல் 350-ஐ ரெண்டரை லட்சத்துக்கு வித்தேன்னு ஒருத்தர் புலம்பினது எல்லாப் பத்திரிகையிலும் வந்தது. ஊரில் இருக்கிற நம்மாளுங்க காதில் விழுந்தது அந்தச் செய்திதான்.

என் காதிலும் விழுந்தது. அடுத்த சனிக்கிழமை காலையில் கரோல் பாக்கில் ஒரு பழைய கார் கடையில் நிக்கிறேன்.

வெள்ளை நிற பிஎம்டபிள்யூ 520டி. 2016 மே மாசப் பதிவு. புதுசா வாங்கினப்போ அரைக் கோடிக்கு மேல். இப்போ ஒன்பதரை லட்சம். ஒரே கை, ஓடினது 58 ஆயிரம் கிலோமீட்டர். கடைக்காரர் கதவைத் திறந்து, சீட்டைத் தட்டி, "சார், காடி ஏக்தம் மக்கன் ஹை"ன்னார். மக்கன்னா வெண்ணெய். உள்ளே உட்கார்ந்தா தோல் வாசனை. கதவைச் சாத்தினா வெளியே இருக்கிற கரோல் பாக்கே அமுங்கிப் போச்சு. நான் முழுசா காலி.

"தமிழ்நாடா சார் நீங்க? கவலையே படாதீங்க. இங்கே பத்து மாசம் ஓட்டுங்க, அப்புறம் என்ஓசி வாங்கி ஊருக்கு எடுத்துட்டுப் போங்க. அங்கே எந்தத் தடையும் இல்லை. மெட்ராஸ் பார்ட்டிங்க வரிசையா வந்து தூக்கிட்டுப் போறாங்க"ன்னார். என் மனசில் அந்த வெள்ளைக் கார் அப்பவே எங்க ஊர்த் தெருவில் திரும்பிடுச்சு.

இங்கே கொஞ்சம் சட்டக் கதை சொல்லியாகணும். இது தெரியாமல் யாரும் கிட்டே போகாதீங்க.

டில்லியிலும் சுத்தியுள்ள என்சிஆர் பகுதியிலும் பத்து வருசத்துக்கு மேற்பட்ட டீசல் வண்டி ஓடக்கூடாதுன்னு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015 ஏப்ரல் 7-ல் உத்தரவு போட்டது. 2018 அக்டோபர் 29-ல் சுப்ரீம் கோர்ட்டும் அதையே உறுதி செய்தது. நாட்டின் மத்த இடங்களில் தனியார் காருக்குப் பதினஞ்சு வருசம் பதிவு, அப்புறம் அஞ்சஞ்சு வருசமாப் புதுப்பிக்கலாம். இங்கே மட்டும் டீசலுக்குப் பத்து. வண்டி எவ்வளவு ஓடினது, எவ்வளவு புகை விடுதுன்னு கணக்கே கிடையாது. காலண்டர் ஒண்ணுதான் கணக்கு. நாலு லட்சம் கிலோமீட்டர் ஓடின டாக்ஸிக்கும் பத்து, போர்வை போர்த்தி வெச்ச பிஎம்டபிள்யூவுக்கும் பத்து.

இதுக்கு நடுவில் இன்னொரு தடையும் வந்து போனது. 2015 டிசம்பர் 16-ல் சுப்ரீம் கோர்ட் டில்லி என்சிஆரில் 2,000 சிசியும் அதுக்கு மேலும் உள்ள டீசல் கார்களைப் புதுசாப் பதிவு செய்யக்கூடாதுன்னு நிறுத்தி வெச்சது. 2,143 சிசி டீசல் வெச்சிருந்த பென்ஸ் மாட்டிக்கிச்சு. மஹிந்திரா அவசரமா 1.99 லிட்டரில் ஒரு எஞ்ஜின் செஞ்சு ஸ்கார்ப்பியோவில் போட்டது. 2016 ஆகஸ்டில், கார் விலையில் ஒரு சதவீதம் சுற்றுச்சூழல் வரி கட்டிட்டுப் பதிவு பண்ணிக்கோன்னு அந்தத் தடையை எடுத்தாங்க. நான் பார்த்த 520டி எத்தனை சிசி தெரியுமா? 1,995. அஞ்சே சிசி வித்தியாசத்தில் தப்பிச்சு, தடைக் காலத்திலேயே பதிவான வண்டி. வெள்ளைக் காரைப் பார்த்தப்போ இது எனக்குப் பெரிய அதிர்ஷ்டமாத் தெரிஞ்சது. இப்போ யோசிச்சா வேற மாதிரித் தெரியுது. அஞ்சு சிசி குறைஞ்சதால் அந்தக் குழாயிலிருந்து வந்த புகை என்ன பன்னீராவா மாறிடும்?

சரி, கதைக்கு வரேன். அட்வான்ஸ் குடுக்கலாம்னு நினைச்சுக்கிட்டிருந்தப்போ ஆகஸ்ட் 12 வந்தது. பத்து வருச டீசல், பதினஞ்சு வருச பெட்ரோல் வண்டி வெச்சிருக்கிறவங்க மேல வயசை மட்டும் காரணமாக் காட்டிக் கடுமையான நடவடிக்கை எடுக்காதீங்கன்னு சுப்ரீம் கோர்ட் இடைக்கால உத்தரவு போட்டது. மறுநாள் காலையில் கடைக்காரர் போன். "சார், ரேட் ஏறிடுச்சு. பதினொண்ணு."

ஒரே நாளில் ஒன்றரை லட்சம்! வண்டியில் ஒரு போல்ட் மாறலை. ஒரு லிட்டர் எண்ணெய் கூட ஊத்தலை. எனக்கு அங்கேதான் முதல் மணி அடிச்சது. நான் வாங்கப் போறது கார் இல்லை, கோர்ட் உத்தரவு. அது அடுத்த மாசம் எப்படி இருக்கும்னு கடைக்காரருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

நினைச்ச மாதிரியே டிசம்பர் 17-ல் அந்த உத்தரவைத் திருத்தினாங்க. பாதுகாப்பு பிஎஸ்-4 தரத்துக்கும் அதுக்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டும், அதுக்குக் கீழே இருந்தா நடவடிக்கை எடுக்கலாம்னு ஆச்சு. நான் பார்த்த கார் பிஎஸ்-4. அதனால் தப்பிச்சது. ஆனா அதுவும் இடைக்கால உத்தரவுதான், இறுதித் தீர்ப்பு இல்லை.

தப்பிச்சதுன்னு சொல்றதும் பாதி உண்மைதான். டில்லியில் குளிர்காலத்தில் காத்து கெட்டுப் போனா படிப்படியாக் கட்டுப்பாடு வரும். மூணாம் படி வந்துட்டா பிஎஸ்-4 டீசல் கார் டில்லித் தெருவில் இறங்கக்கூடாது. பிடிச்சா 20,000 ரூபாய் அபராதம். அதாவது நவம்பர், டிசம்பர், ஜனவரியில் எந்த நாளில் வண்டியை எடுக்கலாம்னு காலையில் செய்தி பார்த்துட்டுத்தான் முடிவு பண்ணணும். எங்க குடியிருப்பிலேயே ஒருத்தர் பெரிய டீசல் வண்டியைப் போர்வை போட்டு நிறுத்திட்டு மெட்ரோவில் போறார். கேட்டா, "காருக்கு லீவு விட்டிருக்கேன்"னு சிரிக்கிறார்.

இந்த நேரத்தில்தான் நம்ம வேலைபார்க்கிற புத்தி முழிச்சுக்கிட்டு ஒரு எக்செல் ஷீட் போட்டேன். கணக்கைப் பார்க்கிறீங்களா?

என் ஓட்டம் வருசத்துக்கு எட்டாயிரம் கிலோமீட்டர். டில்லி நெரிசலில் இந்த டீசல் லிட்டருக்கு 13 குடுக்கும்னு வெச்சுக்கோங்க. 2025-ல் டில்லி விலை டீசல் 87 ரூபாய் 67 காசு. வருசத்துக்கு சுமார் 54 ஆயிரம் ரூபாய். இதே அளவு பெட்ரோல் சொகுசு கார் லிட்டருக்கு 9 குடுத்தா, 94 ரூபாய் 77 காசு விலையில் 84 ஆயிரம். ஆக மிச்சம் 30 ஆயிரம். ஒரு இன்ஜெக்டர் மண்டையைப் போட்டா அந்த வருச மிச்சம் போயே போச்சு. நாலு டயர் மாத்தினா மூணு வருச மிச்சம் காலி. இப்போ நான் வெச்சிருக்கிற 2017 பெட்ரோல் ஸ்விஃப்ட் லிட்டருக்கு 16 குடுக்குது. அதுக்கு வருசச் செலவு 47 ஆயிரம். டீசல் பிஎம்டபிள்யூவை விடக் குறைச்சல்!

டீசல்னா மிச்சம்ங்கிற நம்பிக்கை நமக்கெல்லாம் எங்கேருந்து வந்தது? 2013 ஜனவரியில் டில்லியில் டீசல் லிட்டர் 47 ரூபாய், பெட்ரோல் 67. இருபது ரூபாய் இடைவெளி. பஸ்ஸுக்கும் லாரிக்கும் விவசாயி பம்ப்செட்டுக்கும்னு அரசு தாங்கிப் பிடிச்ச விலையில் சொகுசு கார்கள் சொகுசா ஓடினது. அந்த மாசத்திலிருந்து மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா விலையை ஏத்தி, 2014 அக்டோபரில் கட்டுப்பாட்டையே எடுத்துட்டாங்க. 2020 ஜூனில் டில்லியில் டீசல் விலை பெட்ரோலையே தாண்டின கூத்தும் நடந்தது. டில்லி அரசு வரியைக் குறைச்ச பிறகுதான் இறங்கினது. 2025-ல் இருந்த ஏழு ரூபாய் வித்தியாசத்துக்காக டீசல் வாங்கறவர் தினமும் நூறு கிலோமீட்டர் ஓட்டணும். நம்மில் எத்தனை பேர் ஓட்டறோம்?

சரி, விலையைப் பார்ப்போம். ஒன்பதரை லட்சத்துக்கு வாங்கி, பத்து மாசம் ஓட்டி, ஆறு லட்சத்துக்கு வெளியூரில் தள்ளினாக்கூட மாசம் 35 ஆயிரம் நஷ்டம். எண்ணெய், இன்ஷூரன்ஸ், ரிப்பேர் தனி. வாடகைக்கு எடுத்தாக்கூட இதை விட மலிவாக் கிடைக்கும் போலிருக்கே!

ஷீட்டை தங்கமணிகிட்டே பெருமையாக் காட்டினேன். ஊருக்கே எடுத்துட்டுப் போயிட்டா நஷ்டம் இல்லைன்னு கடைசி வரியில் ஒரு ஓட்டையும் வெச்சிருந்தேன், ஹிஹி. பொறுமையா மேலேருந்து கீழே வரைக்கும் படிச்சாங்க.

"என்னங்க, எல்லாம் போட்டிருக்கீங்க. நெபுலைசர் எங்கே போட்டிருக்கீங்க?"

நான் ஙேன்னு முழிச்சேன்.

2024 நவம்பர் மாசத்தை இங்கே இருந்த யாரும் மறக்க முடியாது. நவம்பர் 18-ல் காற்றுத் தரக் குறியீடு 490-ஐத் தாண்டினது. ஸ்கூல் எல்லாம் ஆன்லைன். ஜூனியருக்கு ராத்திரி ரெண்டு மணிக்கு மூச்சு இழுக்க ஆரம்பிக்கும். நெபுலைசர் மாஸ்க்கை மூஞ்சியில் வெச்சு, பத்து நிமிசம் மடியில் சாய்ச்சு வெச்சிருப்போம். அந்த மிஷின் சத்தம் நின்ன பிறகும் காதில் கேட்டுக்கிட்டே இருக்கும். அப்போ ஜன்னல் ஓரத்தில் நின்னு, "இந்த ஊர்ல மனுசன் இருப்பானா? எவன் எவனோ பழைய டீசல் வண்டியை வெச்சுக்கிட்டு..."ன்னு நான்தான் கத்தினேன். தங்கமணி அதை ஞாபகம் வெச்சிருந்தாங்க. நான் மறந்துட்டேன். எட்டே மாசத்தில்.

டில்லிக் காத்து கெட்டதுக்கு டீசல் கார் ஒண்ணுதான் காரணம்னு நான் சொல்ல வரலை. வயல்வெளியில் தாள் எரிக்கிற புகை இருக்கு, கட்டட வேலைத் தூசி இருக்கு, லாரி இருக்கு, அனல் மின் நிலையம் இருக்கு. ஆனா அதில் எதோட சாவியும் என் கையில் இல்லை. இந்த ஒரு வண்டிச் சாவிதான் என் கைக்கு வர இருந்தது.

பத்து வருசம்ங்கிற கணக்கு முரட்டுக் கணக்குங்கிறதையும் மறுக்கலை. வண்டிக்கு வண்டி உண்மையான புகையை அளந்து முடிவு பண்றதுதான் நியாயம். ஆனா அளக்கிறதுக்கு நம்மகிட்டே என்ன இருக்கு? பியூசி சோதனையில் டீசலுக்குப் பார்க்கிறது கறுப்புப் புகையின் அடர்த்தி மட்டும்தான். நைட்ரஜன் ஆக்ஸைடு அதில் வராது, நுரையீரலுக்குள்ளே போற நுண்துகளும் வராது. ஆய்வுக்கூடத்தில் அளந்தாலே ஏமாத்தினவங்க இருக்காங்களே! 2015 செப்டம்பரில் வோக்ஸ்வாகன் மாட்டினது ஞாபகம் இருக்கா? சோதனை நடக்குதுன்னு தெரிஞ்சா மட்டும் ஒழுங்கா இருந்துட்டு, ரோட்டில் இறங்கினதும் அமெரிக்க வரம்பைப் போல 40 மடங்கு வரைக்கும் நைட்ரஜன் ஆக்ஸைடு விடற மாதிரி மென்பொருள். உலகம் முழுக்க சுமார் ஒரு கோடியே பத்து லட்சம் கார். அப்படிப்பட்ட காலத்து டீசல் எல்லாத்தையும் ஒரு தெருமுனை பியூசி கடையை நம்பி நல்லவண்டி, கெட்டவண்டின்னு பிரிக்கணும். அது நடக்கிற காரியமா? நல்ல அளவுகோல் வர்ற வரைக்கும் முரட்டுக் கணக்குதான் இருக்கும். அது அநியாயம்னு புலம்பலாம். புலம்பிக்கிட்டே அந்த அநியாயத்தால் மலிவான வண்டியை வாங்கி அதே தெருவில் ஓட்டக்கூடாது. அவ்வளவுதான் என் கட்சி.

அப்புறமும் கடைசி வரி ஓட்டை பாக்கி இருந்தது. ஊருக்கு எடுத்துட்டுப் போறது. அது சட்டப்படி சரிதான். தமிழ்நாட்டில் பத்து வருசத் தடை இல்லை. அப்பாவுக்குப் போன் போட்டேன். சந்தோஷப்படுவார்னு நினைச்சேன். வண்டி எவ்வளவு, ஏன் அவ்வளவு மலிவு, எல்லாம் விசாரிச்சார். சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை.

"ஏம்ப்பா, அங்கே புள்ளைக்கு ஆகாதுன்னு தள்ளின வண்டிய இங்கே கொண்டாந்து நிறுத்தினா, இங்கே இருக்கிறது யாரு?"

அப்புறம் வழக்கம் போல, "நீ எதுல வந்தா என்ன, பொங்கலுக்கு வந்துரு"ன்னு வெச்சுட்டார். எதிர்வீட்டுத் திண்ணை வசனம் என்னோடதுதான்னு அப்போதான் உறைச்சது.

அவருக்கு நான் பதில் வெச்சிருந்தேன். ஊரில் காத்து நல்லா இருக்கு, ஒரு வண்டியால் ஒண்ணும் ஆகாது, நல்லா ஓடுற வண்டியை உடைச்சுப் போடறதும் விரயம்தானே... எல்லாமே பாதி உண்மைதான். அதனால்தான் ஊரில் வாங்கறவங்களை நான் குத்தம் சொல்லலை. நெடுஞ்சாலையில் நிறைய ஓட்டறவருக்கு, கவனமாப் பார்த்து வாங்கின பழைய டீசல் நிஜமாவே லாபமா இருக்கலாம். என் வாதம் நம்மை மாதிரி டில்லியில், குர்காவில், நொய்டாவில் உட்கார்ந்துக்கிட்டு, "கொஞ்ச நாள் இங்கே, அப்புறம் ஊருக்கு"ன்னு கணக்குப் போடறவங்களுக்குத்தான். அந்தக் "கொஞ்ச நாள்" நம்ம புள்ளைங்க மூச்சு விடற நாள்.

அப்படியும் வாங்கியே தீருவேங்கிற ஊர்க்கார மக்களுக்காக, நான் அலைஞ்சு தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்லிடறேன்.

1. மாடல் வருசத்தைப் பார்க்காதீங்க, ஆர்சியில் பதிவுத் தேதியைப் பாருங்க. பிஎஸ் எத்தனைன்னு பாருங்க. டில்லியிலேயே ஓட்டணும்னா பிஎஸ்-6-க்குக் கீழே தொடவே தொடாதீங்க. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க பிஎஸ்-6 தான். ஆடி கம்பெனி இந்தியாவில் அதோட டீசலையே விட்டுட்டது. பழைய ஆடி டீசல்னா எல்லாமே பிஎஸ்-4 அல்லது அதுக்கும் முந்தினது.

2. கைக்கு வர்றதுக்கு முன்னாடி என்ஓசி வாங்கணும், படிவம் 28. கடன் இருந்தா பேங்க்கிலிருந்து படிவம் 35. பேர் மாத்த 29, 30. அபராதம் பாக்கி இருக்கான்னு பாருங்க. தமிழ்நாட்டில் மறுபடியும் ஆயுள் வரி கட்டணும். சொகுசு காருக்கு அது சின்னத் தொகை இல்லை. வாங்கற விலையோட சேர்த்துக் கணக்குப் போடுங்க. டில்லியிலிருந்து திருச்சிக்கு சுமார் 2,500 கிலோமீட்டர், ஓட்டிக்கிட்டு வர்ற செலவும் இருக்கு.

3. பேர் மாத்தாமல் வாங்காதீங்க, பேர் மாத்தாமல் விக்காதீங்க. ஆர்டிஓ பதிவில் யார் பேர் இருக்கோ அவர்தான் சட்டப்படி உரிமையாளர், விபத்து நஷ்டஈடு அவர் தலையில்தான்னு 2018-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. 2025 நவம்பர் 10-ல் செங்கோட்டை பக்கத்தில் வெடிச்ச கார் பல கை மாறினது. பதிவு மட்டும் பழைய பேரிலேயே இருந்ததால் போலீஸ் முதலில் போய் நின்னது எப்பவோ வித்துட்ட மனுசன் வீட்டு வாசலில். இதுக்கு மேல சொல்லணுமா?

4. டீசலில் புகைத்துகள் வடிகட்டி, டிபிஎஃப்னு சொல்வாங்க, அதைக் கேட்டுப் பாருங்க. சேர்ற கரியை அது அப்பப்போ ரொம்ப அதிகச் சூட்டில் எரிச்சுத் தள்ளணும். அதுக்கு நல்ல வேகத்தில் பதினஞ்சு இருபது நிமிசம் விடாமல் ஓட்டணும். ஆஸ்ரம் சந்திப்பில் ஊர்ந்த வண்டிக்கு அந்த யோகம் வாய்ச்சிருக்காது. அடைஞ்சு போனதும் சில பேர் அதை வெட்டியே எடுத்துடறாங்க. அப்புறம் அந்த வண்டி விடறது முழு விஷம். "குறைச்சலா ஓடின வண்டி"ங்கிறது டீசலில் நல்ல சேதி மட்டுமில்லை.

5. தண்ணியில் நின்ன வண்டியான்னு பாருங்க. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரைக்கும் ஏறினது. 2015 டிசம்பர் சென்னை வெள்ளத்துக்கு அப்புறம் மூழ்கின சொகுசு கார்கள் ஏலத்துக்கு வந்ததும் ஞாபகம் இருக்கும். பாய்க்கு அடியில் கையை விட்டுப் பாருங்க, சீட் பெல்ட்டைக் கடைசி வரைக்கும் இழுத்துப் பாருங்க, சேறு படிஞ்ச கோடு தெரியும். கம்பெனி சர்வீஸ் வரலாறு கேளுங்க. நான் பார்த்த காருக்கு 58 ஆயிரம்னு மீட்டர் சொன்னது. சர்வீஸ் வரலாறு எடுத்துப் பார்த்தா ரெண்டு வருசம் முன்னாடியே 91 ஆயிரம்! மக்கன் உருகிப் போச்சு.

அந்த மீட்டர் விஷயத்தை வெச்சே நான் "ஏமாத்துக்காரங்க, அதான் வாங்கலை"ன்னு சொல்லித் தப்பிச்சிருக்கலாம். ஆபீஸில் அப்படித்தான் சொன்னேன். ஆனா அது தெரிஞ்சது கடைசியில்தான். மீட்டர் ஒழுங்கா இருந்திருந்தாலும் வாங்கியிருக்கக்கூடாதுங்கிறதுதான் நிஜம்.

கடைக்காரர் அப்புறமும் ரெண்டு தடவை கூப்பிட்டார். மூணாவது தடவை, "போயிடுச்சு சார், உங்க பக்கம்தான்"ன்னார். எந்த ஊர், எந்தத் தெருன்னு தெரியாது. அங்கேயும் ராத்திரி ரெண்டு மணிக்கு இழுப்பு வர்ற புள்ளை யாராவது இருக்கும்.

பொங்கலுக்கு ஊருக்குப் போனோம். திருச்சி ஜங்ஷன், பஸ், கடைசி ரெண்டு கிலோமீட்டர் ஆட்டோ. எதிர்வீட்டுத் திண்ணையில் அந்தப் பெரியவர் உட்கார்ந்திருந்தார். ஆட்டோவைப் பார்க்கவே இல்லை. ஜூனியரைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்கார வெச்சு, "இப்போ மூச்சு எப்படி இருக்கு தம்பி?"ன்னு கேட்டார்.

டிஸ்கி: நான் மெக்கானிக்கும் இல்லை, வக்கீலும் இல்லை. வாங்கறதுக்கு முன்னாடி அன்னிக்குத் தேதிக்கு உத்தரவு என்னன்னு ஆர்டிஓவில் கேட்டுக்கோங்க. மஸ்கட் மச்சானுக்கு: இதுதான் என் பதில். இனிமே ராத்திரி பதினோரு மணிக்குப் போன் போட்டு "ஒரே ஒரு ஆடி மட்டும்"னு கேட்கக்கூடாது :-)